ஆலை நகரத்தில் எடை மெஷின்

கோயம்புத்தூர்க்காரர்களிடம் 'ஆலை நகரம்' என்று சொன்னால் மார்பு கொஞ்சம் விரியும். அமெரிக்காவின் வடக்குக் கோடியிலே, மின்னசோட்டா மாநிலத்திலே, மினியாபொலிஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அதற்கும் ஆலை நகரம் என்றே பெயர். ஆனால் இங்கே பஞ்சாலை கிடையாது, மாவு ஆலை. 1880-லிருந்து 1930 வரை அரை நூற்றாண்டு காலம், உலகத்திலேயே அதிகமாகக் கோதுமை மாவு அரைத்த ஊர் இதுதான். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வரையில் விளைந்த கோதுமையெல்லாம் ரயிலேறி இங்கே வந்து, மாவாகிப் பையில் புகுந்து, தேசாந்தரம் போயிற்று.

அரைப்பதற்குச் சக்தி கொடுத்தது மிஸிஸிப்பி நதி. அந்த மகாநதி முழுவதிலும் இயற்கையாக உண்டான பெரிய அருவி ஒன்றே ஒன்றுதான். அது இந்த ஊரின் நடுவே இருக்கும் செயிண்ட் அந்தோணி அருவி. குற்றாலத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை: ஏமாந்து போவீர்கள். 1869-இல் ஆலைக்காரர்கள் ஆற்றுக்கு அடியில் தோண்டிய சுரங்கம் இடிந்து, அருவியே கரைந்து போய்விடும் போலாயிற்று. பிறகு, நீர் விழுகிற இடத்துக்கு ஒரு பலமான மேல்சட்டை போட்டு விட்டார்கள். முதலில் மரம், இப்பொழுது கான்கிரீட். ஆகவே தண்ணீர் விழுகிறது என்பதைவிட, வழுக்கிக்கொண்டு வருகிறது என்பதே பொருத்தம். 1883-இல் ரயிலுக்காகக் கட்டிய கல் வளைவுப் பாலம் ஒன்று ஆற்றின் குறுக்கே வளைந்து செல்கிறது. இப்பொழுது அதில் ரயில் போவதில்லை. மனிதர்கள் நடக்கிறார்கள், சைக்கிள் விடுகிறார்கள்.

பாலத்தின் ஒரு கோடியில் வாஷ்பர்ன் 'ஏ' ஆலையின் இடிபாடுகள். 1878-ஆம் வருஷம் மே மாதம் 2-ந் தேதி, காற்றில் மிதந்த மாவுத் தூளில் நெருப்புப் பட்டு, முன்பிருந்த ஆலை வெடித்தது. பதினெட்டுப் பேர் மாண்டார்கள். கோதுமை மாவு வெடிமருந்தாகுமா என்று கேட்கிறவர்கள் அந்தச் சுவர்களைப் பார்க்க வேண்டும். திரும்பக் கட்டிய ஆலையும் பின்னொரு காலத்தில் தீக்கிரையாகி, அந்தக் கருகிய சுவர்களுக்குள்ளேயே 2003-இல் ஒரு பொருட்காட்சி சாலை அமைத்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சமையல் கூடம். சுடச்சுட ரொட்டி சுட்டுக் காட்டுகிறார்கள். அந்த வாசனை இருக்கிறதே, அதை எழுத்தில் கொண்டு வர என்னால் ஆகாது.

அந்த வாசனைக்கு நடுவில்தான் என் தங்கை நின்றுகொண்டு, "எனக்கு வாசனையே போதும், அண்ணா" என்றாள்.

இருபத்திரண்டு வருஷமாக அவள் இந்த ஊர்வாசி. எட்டு மாதங்களுக்கு முன்னால், உடம்பின் எடையைக் குறைப்பதற்காக இரைப்பையில் ஆபரேஷன் செய்துகொண்டாள். அப்பொழுது அவள் எடை 108 கிலோ. சர்க்கரை வியாதி வேறு. ஆறரை மாதத்தில் 81 கிலோவுக்கு வந்தாள். நாங்கள் எல்லோரும் வீடியோவில் பார்த்துப் பார்த்து வியந்தோம். பிறகு எடை மெஷினில் முள் நின்றது. (முள் ஏது இந்தக் காலத்தில்? எண்தான்.) 81.4. ஒரு வாரம் போயிற்று, 81.4. மூன்று வாரம், ஆறு வாரம். ஒரு நாள் 81.2, மறுநாள் 81.5. காலையில் எழுந்ததும் ஒரு தரம், குளித்த பின் ஒரு தரம், அந்தியில் ஒரு தரம் என்று அவள் மெஷின் மீது ஏறி இறங்குவதைப் பார்த்தால், கோவிலில் பிரதக்ஷிணம் செய்கிறாளோ என்று தோன்றும்.

அது கூடப் பரவாயில்லை. ஊரிலிருந்து ஒரு சொல் கிளம்பியிருந்தது. எங்கள் சித்தி ஒருத்தி, யாரிடமோ, "இவ்வளவு பெரிய ஆபரேஷன் பண்ணியும் இறங்கலையின்னா, ஒளிச்சு வெச்சுச் சாப்பிடறான்னுதானே அர்த்தம்?" என்று சொல்லியிருக்கிறாள். அந்தச் சொல் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் கடல் தாண்டி வந்து சேர இரண்டு நாள்கூட ஆகவில்லை. "அண்ணா, எனக்கு இரண்டு கரண்டி பருப்புக்கு மேலே இறங்கறதில்லே. ஒளிச்சு வெச்சுச் சாப்பிட இடம் எங்கே இருக்கு?" என்று அவள் கேட்ட பொழுது நான் பதில் சொல்லவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று அவள் டாக்டரைக் கேட்கத் தீர்மானித்திருந்தாள். அடுத்த வாரம் அவரைப் பார்க்க நாள் குறித்திருந்தது.

இந்தச் சமயத்தில்தான் ஒரு விஷயம் எனக்கு நினைவு வந்தது. தங்கையின் கஷ்டத்துக்கும் அவள் குடியிருக்கும் ஊருக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. எடை குறைக்கும் ஆபரேஷன் உதித்த ஊர்களில் இது ஒன்று. எடை ஏன் குறைய மறுக்கிறது என்ற ரகசியத்தை மனித உடம்பிலே அளந்து பார்த்த ஊரும் இதுவே. இரண்டும் ஒரே சர்வகலாசாலையில் நடந்தவை. "நாளைக்கு அந்த இடத்தைப் பார்க்கப் போகலாம்" என்றேன். "அங்கே ரொம்ப நடக்கணும்" என்றாள். "ரொம்ப நல்லது" என்றேன்.

ஊருக்குள்ளே ஓடும் ரயிலில் ஏறி, ஸ்டேடியம் வில்லேஜ் என்ற நிலையத்தில் இறங்கினோம். பெயருக்குத் தகுந்தாற்போல் பக்கத்திலேயே ஒரு பெரிய கால்பந்து மைதானம் இருக்கிறது, 2009-இல் திறந்தது. நாங்கள் தேடிப் போனது அதை அல்ல. 1924-இல் கட்டி 1992-இல் இடித்துத் தள்ளிய பழைய மெமோரியல் ஸ்டேடியத்தை. இல்லாத ஒன்றை எப்படித் தேடுவது? அந்த இடத்தில் இப்பொழுது பழைய மாணவர்களுக்கான மாளிகை ஒன்று, பாறையை ஒரு பக்கமாகப் பிளந்து வைத்தது போல நிற்கிறது. உள்ளே போனால், பழைய ஸ்டேடியத்தின் பெரிய செங்கல் வளைவை அப்படியே எடுத்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். நாங்கள் போன அன்று பக்கத்து மண்டபத்தில் யாருக்கோ கல்யாண விருந்து. வெள்ளைத் துணி விரித்த மேஜைகளில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே நான் தங்கைக்குக் கதையைச் சொன்னேன்.

அந்த ஸ்டேடியத்தில், பார்வையாளர்கள் உட்காரும் படிகளுக்கு அடியில், ஜன்னல் அதிகமில்லாத அறைகளில் ஓர் ஆராய்ச்சி சாலை இருந்தது. அதன் தலைவர் ஆன்ஸல் கீஸ் என்பவர். இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசிக் கட்டம். ஐரோப்பாவில் லக்ஷக்கணக்கான ஜனங்கள் பட்டினி. யுத்தம் ஓய்ந்ததும் அவர்களுக்கு எப்படி, எவ்வளவு சோறு போட்டு உடம்பைத் தேற்றுவது என்பது யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. கீஸ் ஒரு பிரசுரம் அச்சிட்டார். பிறர் நன்றாக உண்பதற்காக நீங்கள் பட்டினி கிடப்பீர்களா என்று அதில் கேட்டார். யாரைக் கேட்டார் தெரியுமா? மனிதனை மனிதன் கொல்வது மனச்சாட்சிக்கு ஒவ்வாது என்று போர்க்களத்துக்குப் போக மறுத்த இளைஞர்களை. நூற்றுக்கணக்கானவர்கள் முன்வந்தார்கள், முப்பத்தாறு பேரைப் பொறுக்கி எடுத்தார். பின்னாளில் அமெரிக்காவின் சார்பில் அணு ஆயுதப் பேச்சு வார்த்தைகள் நடத்திய மாக்ஸ் கேம்பல்மேன் அவர்களில் ஒருவர்.

1944 நவம்பரில் ஆரம்பம். முதல் பன்னிரண்டு வாரம் நல்ல சாப்பாடு, நாளுக்கு 3,200 கலோரி. 1945 பிப்ரவரி 12-ந் தேதியிலிருந்து இருபத்து நான்கு வாரம் அரைப் பட்டினி: சுமார் 1,570 கலோரி. உருளைக்கிழங்கு, டர்னிப் கிழங்கு, கறுப்பு ரொட்டி, மாக்கரோனி. அதோடு வாரத்துக்கு இருபத்திரண்டு மைல் நடந்தாக வேண்டும்.

இங்கே நம் ஊர்ச் சரித்திரத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. வாஷ்பர்ன் ஆலை வெடித்ததற்கு முந்திய வருஷம் சென்னை ராஜதானியில் தாது வருஷப் பஞ்சம். நிவாரண வேலைக்கு வந்த கூலிகளுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று 1877-இல் ஸர் ரிச்சர்டு டெம்பிள் உத்தரவு போட்டார். அந்தத் தானியத்தைக் கலோரியாக மாற்றினால் கீஸின் அரைப் பட்டினிக் கணக்குக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறது. வித்தியாசம் என்னவென்றால், நம் ஜனங்கள் அதைத் தின்றுவிட்டு மண் வெட்டிக் கல் உடைத்தார்கள். எதற்கும் சம்மதம் கேட்கப்படவில்லை. இது போதாது, ஜனங்கள் செத்துப் போவார்கள் என்று சென்னையின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டது சரித்திரத்தில் இருக்கிறது.

மினியாபொலிஸ் இளைஞர்களுக்கு வருவோம். அவர்களுக்கு வேறு நினைவே இல்லாமல் போயிற்று. சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். தட்டை நக்கினார்கள். நாளுக்கு நாற்பது பாக்கெட் சூயிங்கம் மென்றார் ஒருவர். ஜூலை வெயிலில் குளிருகிறதென்று கோட்டுப் போட்டுக்கொண்டார்கள். நாடித் துடிப்பு நிமிஷத்துக்கு ஐம்பத்தைந்திலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்கிற்று. சராசரி எடை 69 கிலோவிலிருந்து 53 கிலோவுக்கு வந்தது.

தங்கை கேட்க வேண்டிய பகுதி இனிமேல்தான். முதல் வாரங்களில் மளமளவென்று சரிந்த எடை, போகப் போக மெதுவாகி, கடைசியில் ஏறக்குறைய நின்றுவிட்டது. தின்றதோ அதே கிழங்கு. நடந்ததோ அதே இருபத்திரண்டு மைல். ஏன் நின்றது? சும்மா படுத்திருக்கும்போது உடம்பு எவ்வளவு எரிக்கிறது என்று கீஸ் அளந்து பார்த்தார். ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்கு குறைந்திருந்தது! உடம்பு சிறியதானதால் குறைந்தது ஒரு பகுதி. மற்றது உடம்பே செய்த சிக்கனம். வரும்படி குறைந்த வீட்டில் என்ன நடக்கிறது? முதல் மாதம் கையிருப்பு கரைகிறது. இரண்டாம் மாதம் வீட்டுக்கார அம்மாள் விழித்துக்கொண்டு, பத்திரிகையை நிறுத்துகிறாள், ஒரு விளக்கை அணைக்கிறாள், காப்பியில் டிகாக்‌ஷனைக் குறைக்கிறாள். நாலாம் மாதம் வரவுக்கும் செலவுக்கும் சரியாகப் போகிறது. கையிருப்பு அதற்கு மேல் கரைய மறுக்கிறது. உடம்பும் அப்படிக் குடித்தனம் செய்யத் தெரிந்ததுதான்.

இன்னொரு சங்கதியும் உண்டு. பட்டினியால் அவர்கள் கால்களில் நீர் கோத்துக்கொண்டது. சதை கரைகிறது, நீர் சேருகிறது. மெஷின் இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரே எண்ணாகச் சொல்கிறது. அது அறிந்தது அவ்வளவுதான்.

தங்கை கொஞ்ச நேரம் அந்தச் செங்கல் வளைவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவங்க யாராவது ஒளிச்சு வெச்சுச் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டார்கள், பொய் சொல்வானேன்? ஒருவர் ஊருக்குள் போய் ஐஸ்கிரீமை வெளுத்துக் கட்டினார். அதற்குப் பிறகு துணையில்லாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்று கீஸ் சட்டம் செய்தார். முடிவில் முப்பத்தாறு பேரில் முப்பத்திரண்டு பேருடைய கணக்குகளே ஆராய்ச்சியில் நின்றன. ஆனால் அந்த முப்பத்திரண்டு பேர் நியமம் தவறாதவர்கள். அவர்களுக்கும் எடை நின்றது. "சித்திக்கு இதை எழுதிப் போடணும்" என்றாள் தங்கை.

1950-இல் கீஸ் இதையெல்லாம் ஆயிரத்து முந்நூறு பக்கங்களுக்கு மேல் இரண்டு பாகமாக வெளியிட்டார். தாமும் நூறு வயது வரை இருந்து 2004-இல்தான் காலமானார்.

அங்கிருந்து ஆற்றங்கரையை நோக்கி நடந்தால் சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதி. இங்கே ஓவன் வாங்கன்ஸ்டீன் என்ற சர்ஜன் 1930-லிருந்து 1967 வரை தலைமை வகித்தார். அவர் காலத்தில் இந்த இடம் ஒரு குருகுலம். 1952-இல் இருதயத்தைத் திறந்து செய்த சிகிச்சை இங்கேதான் முதன்முதலாக வெற்றி பெற்றது. மாற்று இருதயம் வைத்துப் புகழ் பெற்ற தென்னாப்பிரிக்க டாக்டர் பர்னார்டு இங்கே படித்தவர். இந்தக் கூட்டத்தில் கிரமன், லின்னர் என்ற இருவர் 1954-இல், சிறுகுடலின் பெரும் பகுதியைச் சுற்றிக்கொண்டு உணவு குறுக்கு வழியில் போகும்படி இணைத்து எடையைக் குறைத்ததை வெளியிட்டார்கள். எடை குறைந்தது வாஸ்தவம். கூடவே ஓயாத வயிற்றுப்போக்கு, மூத்திரக் கல், ஈரல் கேடு எல்லாம் வந்தன. அந்த முறையைப் பின்னால் கைவிட்டார்கள்.

வாங்கன்ஸ்டீனின் சீடர் எட்வர்டு மேஸன், 1953-இல் பக்கத்து மாநிலமான அயோவாவுக்குப் போனார். வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்த பெண்கள், அதற்குப் பிறகு சதை போடாமல் இருப்பதை அவர் கவனித்தார். ஆஹா, குடலில் கை வைப்பானேன், இரைப்பையைச் சிறிதாக்கினால் போதுமே என்று யோசித்து, 1966-இல் இடோ என்ற டாக்டருடன் சேர்ந்து அதைச் செய்தார். என் தங்கைக்கு நடந்தது அதன் பேரப்பிள்ளை. மேற்பகுதியில் இரண்டு மேஜைக் கரண்டி அளவுக்கு ஒரு சிறு பை. அதிலிருந்து நேராகச் சிறுகுடலுக்கு வழி. மேஸன் நூறு வயது நிரம்பிய பிறகு 2020-ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் மறைந்தார். பசியையும் வயிற்றையும் ஆராய்ந்தவர்களுக்கெல்லாம் ஆயுசு கெட்டி போலிருக்கிறது!

குறித்த நாளில் தங்கையுடன் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். மாப்பிள்ளைக்கு வேலை. டாக்டர் ஐந்து நிமிஷம்தான் பேசினார். ஆபரேஷன் பேச்சுக்கே இடமில்லை, இப்படி இடையில் நிற்பது அநேகமாக எல்லோருக்கும் வருவது, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்றார். பிறகு உணவு நிபுணரான ஒரு நடுவயது அம்மாளிடம் அனுப்பினார். அந்த அம்மாள் முக்கால் மணி நேரம் பேசினாள். ஒரு வாரத்துக்கு வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுத வேண்டும் என்று சொன்னதும் தங்கையின் கண்ணில் நீர் வந்துவிட்டது. சித்தி சொன்னதையே இவளும் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டாள். "உங்களைச் சந்தேகித்துக் கேட்கவில்லை, எண்ணாமல் விட்டுப் போனதை எண்ணுவதற்காக" என்றாள் அந்த அம்மாள், மிகவும் சாந்தமாக.

எழுதினாள். எழுதியதில் திருட்டு ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று வேளை சர்க்கரை போட்ட காப்பி இருந்தது. மாத்திரை விழுங்க ஆரஞ்சு ரசம் இருந்தது. குழைந்த தயிர் சாதமும் ரசம் சாதமும் இருந்தன. சிறிய பையானாலும் குழைந்த பண்டம் அதில் தங்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்; கொஞ்ச நேரத்தில் மறுபடி இடம் உண்டாகும். மாதங்கள் ஆக ஆகப் பையும் சற்று நெகிழ்கிறது. புரதமோ நாளுக்கு அறுபது கிராமாவது வேண்டிய இடத்தில் பாதிதான் இருந்தது. புரதம் போதாவிட்டால் உடம்பு சதையைத் தின்கிறது. சதை குறைந்தால் எரிப்பு இன்னும் குறைகிறது.

"முதல் கவளம் பருப்போ, முட்டையோ, பனீரோ, சுண்டலோ. சாதம் கடைசியில், இடமிருந்தால். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம், அரை மணி கழித்து. வாரத்தில் இரண்டு மூன்று நாள் கனம் தூக்குங்கள். நடப்பது மட்டும் போதாது" என்றாள். டாக்டர் கொடுத்த இரும்பு, கால்ஷியம், பி12 மாத்திரைகளை ஆயுள் முழுதும் விடக்கூடாது என்பதையும் நினைவூட்டினாள். "எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்?" என்று கேட்டாள். ராத்திரி பதினொரு மணிக்கு நம் ஊரில் காலை. அப்பொழுதுதான் தங்கை போனில் உட்காருவாள். ஒரு மணிக்குப் படுத்து, ஐந்தரைக்கு எடை பார்க்க எழுந்திருப்பாள். அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். எடை மெஷினை வாரத்துக்கு ஒரு தரம் மட்டும் பார்க்கலாம் என்று உத்தரவாயிற்று. புறப்படும்போது, "உங்கள் துணி எப்படி இருக்கிறது?" என்றாள். தங்கை விழித்தாள். எடை நிற்பதற்குச் சற்று முன்னால், ஜூனில் தைத்த ரவிக்கை இரண்டு விரல்கடை தொளதொளத்துப் போயிருந்ததை அப்பொழுதுதான் நினைத்துப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த மூன்று வாரமும் ஊரைச் சுற்றியதெல்லாம் அவளோடுதான். ஹாரியட் ஏரியைச் சுற்றி வந்தால் கிட்டத்தட்ட மூன்று மைல். அக்டோபர் மாதத்தில் மேப்பிள் மரங்கள் குங்குமம் கொட்டியது போல நிற்கும். குளிர் முற்றியதும் அங்கே நடக்க முடியாது. அதற்கும் இந்த ஊர்க்காரர்கள் வழி செய்திருக்கிறார்கள். 1962 முதல் கட்டிக்கொண்டே வந்து, நகரின் மத்தியில் ஒரு கட்டடத்துக்கும் இன்னொன்றுக்கும் இடையே, தெருவுக்கு மேலே கண்ணாடிப் பாலங்கள். ஒன்பது மைலுக்கு மேல் நீளும் என்கிறார்கள். வெளியே பனி கொட்டும். உள்ளே ஜனங்கள் கோட்டில்லாமல் போய்க்கொண்டிருப்பார்கள். அதில் வழி தவறாமல் திரும்பி வருவது மட்டும் நம் சாமர்த்தியம்.

நான் புறப்படுவதற்கு முந்திய சனிக்கிழமை வாராந்தர எடை. 80.6 என்று மாப்பிள்ளை என் காதோடு சொன்னார். தங்கை அதைப் பற்றிப் பேசவே இல்லை. அதே மெஷின் மீது என் பெட்டியை நிறுத்தினோம். விமானத்தில் அனுமதி 23 கிலோ. என் பெட்டி 24.3. "தூக்கிப் பாரு" என்றேன். தங்கை இரண்டு கையாலும் பிடித்து முழங்கால் வரைக்கும் தூக்கிவிட்டுப் பொத்தென்று வைத்தாள். "இதைவிட அதிகமா நான் இறக்கியிருக்கேன் இல்லே?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். பிறகு பெட்டியைத் திறந்து, ஆலைப் பொருட்காட்சி சாலையில் நான் ஆசையாக வாங்கி வைத்திருந்த மாவுப் பையை எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்தாள். "மாவு நம்ம ஊர்லேயும் கிடைக்கும் அண்ணா. அந்தச் சித்திக்கு வாங்கின சாக்லேட் டப்பா இருக்கட்டும்" என்றாள்.